தொண்டையிற் சிக்கியவற்றை மீட்ட வைத்தியர்

ஐக்கிய அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் 1865 இல் பிறந்தவர் செவாலியர் ஜக்சன். செவாலியர் என்பது இங்கு பட்டமன்று. பெற்றோர் இட்ட பெயர். மெலிந்த உடலும் அடங்கிய சுபாவமும் கொண்ட அச்சிறுவனைச் சக மாணவர் ஓயாது வதைத்தனர். ஒருமுறை கண்களைக் கட்டி, நிலக்கரிச் சுரங்கக் குழியொன்றினுள்ளும் தள்ளிவிட்டனர். மூச்சுத் திணறுவோர்பால் அவருக்கிருந்த பரிவின் வேர் அக்குழியிலேயே ஊன்றியிருக்கலாம் என எண்ணத் தோன்றுகிறது.

1886 இல் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, இலண்டன் சென்று தொண்டை நோய் வைத்தியம் பயின்று திரும்பினார். சுவாசக் குழாயினுள் நாணயமோ கச்சான் பருப்போ சிக்கிய குழந்தையைக் காப்பது அன்று அரிதாக இருந்தது. ஜக்சன், நுனியில் விளக்குப் பொருத்திய குழாயை வாய்வழியே செலுத்தி, பொருளைக் கண்ணாற் கண்டே இடுக்கியாற் பற்றி எடுத்தார். கருவிகள் பலவற்றைத் தமது பட்டறையிலே தாமே செய்தார். திறந்தபடி சிக்கிய சேப்டி பின்னை உள்ளே வைத்தே மூடி எடுப்பதும் அவருக்குக் கைவந்திருந்தது.

அவரை மிகவும் வருத்தியது வேறொன்று. வீடுகளிற் சவர்க்காரம் செய்யவும் துப்புரவுக்கும் எரிகாரம் வைத்திருந்தனர். பார்வைக்குச் சீனி போன்றது. வாயிலிட்ட குழந்தையின் உணவுக்குழாய் வெந்து, தழும்பேறிச் சுருங்கிவிடும்; பின்னர் உமிழ்நீரும் இறங்காது. அவ்வாறு நாட்கணக்கில் நீரும் அருந்த இயலாதிருந்த ஏழைச் சிறுமியொருத்தியின் அடைப்பை நீக்கி, ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார். திரும்பி வந்துவிடுமோ என அஞ்சி ஒரு மிடறு விழுங்கினாள், இறங்கிற்று. குவளையை விலக்கிவிட்டு அவரது கையை எடுத்து முத்தமிட்டாள். அந்நிகழ்வைத் தமது சுயசரிதையில் அவர் பதிந்து வைத்துள்ளார்.

நஞ்சு என்னும் எச்சரிக்கையை எரிகாரப் பொதிகளில் அச்சிட வேண்டுமென அவர் பல்லாண்டுகள் போராடினார். 1927 இலேயே அதற்கான கூட்டாட்சிச் சட்டம் நிறைவேறியது. வாசிக்க இயலாத மொழியில் எச்சரிக்கை அச்சிட்ட போத்தல்களோடு குடித்தனம் நடத்தும் நமது வீடுகளில் அந்தப் போராட்டத்தின் அருமை நன்கு புரியும்.

காசநோய் அவரைப் பலமுறை படுக்கையில் வீழ்த்தியது. எழுந்து மீண்டும் பணிக்கே சென்றார். 1958 இல், 92 ஆவது வயதிற் காலமானார். நோயாளரின் தொண்டையிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் எடுக்கப்பட்டு அவர் சேர்த்துவைத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், பொத்தான்களும் ஊசிகளும் விளையாட்டுச் சாமான்களுமாக, பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்து இழுப்பறைகளில் உள்ளன.