ஜோசப் ஆல்பர்ஸ்

ஜெர்மனியின் பாட்ரோப் நகரில் 1888-ஆம் ஆண்டு ஜோசப் ஆல்பர்ஸ் பிறந்தார். வீடுகளுக்கு வண்ணம் பூசுவது அவர்தம் தந்தையாரின் தொழில். பௌஹாஸ் கலைப்பள்ளியில் பயின்ற ஆல்பர்ஸ் அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். 1933-இல் நாஜிகளின் நெருக்குதலால் அப்பள்ளி மூடப்பட்டது. யூத மரபினரான மனைவி ஆனியுடன் அவ்வாண்டே அமெரிக்கா சென்றார். ஆங்கிலம் ஏறக்குறைய அறியாதிருந்தும், வடகரோலினாவில் மாணவர்க்குப் பாடஞ்சொல்லத் துணிந்தார்.

1950 முதல் இறுதிவரை சதுரத்தினுள் சதுரங்களையே தீட்டி வந்தார். இது வெறும் விளையாட்டன்று. ஒரே பழுப்பு நிறம் வெளிர்மஞ்சள் நடுவே கருத்தும், கருநீலத்தின் நடுவே வெளுத்தும் நம் கண்ணை ஏய்க்கின்றதன்றோ! இதனை 1963-இல் வெளியிட்ட நூலில் திரையச்சுப் படங்களால் விளக்கினார். திரையச்சில் ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியே, தூரிகைத் தடமின்றிச் சீராகப் பதியும். ஆதலின் பார்ப்பவர் கண் வண்ணத்தை மட்டுமே ஒப்பிடும். 1976-இல் தம் 88-ஆம் வயதில் மறையும்வரை அவர் சதுரத்தை விடவில்லை.