மக்கள் கவிமணி சி. வி. வேலுப்பிள்ளை

ஏட்டுக் கல்வி எட்டாத இடத்திலே கலை வளருமோ என்று ஐயுறுவோர் நம்மவருள் இன்றும் உளர். அன்னோர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்களின் வாழ்க்கையை ஒருமுறை நோக்குதல் நன்று.

அன்னார் நம் ஊவா மலைகளிற் பிறந்தவரல்லர். வட்டகொடையை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்தில் 1914 ஆம் ஆண்டு பிறந்தார். கங்காணிக் குடும்பமாதலின், லயத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டாத ஆங்கிலக் கல்வி அவருக்குக் கிட்டிற்று. கொழும்பு நாலந்தாவிற் பயின்றார், ஆசிரியரானார், தாகூரின்பாற் பற்று மிகுந்து ஆங்கிலத்திலேயே கவி புனைந்தார். அக்காலத்துப் படித்த இளைஞர் வேறு சிலரும் இவ்வளவு செய்ததுண்டு. ஆனால், இவருடைய செவி லயத்து வாசலை விட்டு அகலவேயில்லை.

அவ்வாசலிலே அவர் கேட்டவை யாவை? தொட்டிலாட்டும் தாய், பிள்ளையின் மாமன்மார் கொணரும் சீர்வரிசையைப் பாட்டில் அடுக்குவாள். அருகிருந்து கேட்ட சிறுமி, பின்னொரு நாள் தன் தம்பியைத் தாலாட்டும்போது மாமன் பெயரை மாற்றி, இரண்டடி புதிதாகவும் சேர்ப்பாள். கொழுந்து மலையிலே கங்காணியின் கெடுபிடி கேலிப்பாட்டாகும். இழவு வீட்டிலே ஒப்பாரி எழும். எல்ல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த நமக்குக் காமன் கூத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? பகலெல்லாம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை இரவிலே ரதியின் வளையலணியும். இவ்வாண்டு பந்தம் பிடிக்கும் பையன் அடுத்த ஆண்டு பின்பாட்டுக்காரன்; சில மாசிகள் கழிந்தால் அவனே மதன். அவனுக்குப் பாடப் புத்தகமும் இல்லை, பரீட்சையும் இல்லை. தப்படிப்போரை எட்ட நிறுத்திவிட்டு அவர்தம் தாளத்துக்கு மட்டும் தலையசைத்த வழக்கமும் நம்மிடையே இருந்தது. இந்து வாலிபராகிய நாம் அதனை மறைத்தல் முறையன்று.

விடியற்காலையில் தோட்டத்தை எழுப்பும் அந்தத் தப்பொலியோடுதான் கவிஞரின் புகழ்பெற்ற ஆங்கிலக் காவியம் தொடங்குகிறது. பின்னர் சக்தீ பாலையா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார்.

1947 இல் தலவாக்கலைத் தொகுதி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அனுப்பிய மக்களிற் பெரும்பாலோர் 1952 தேர்தலில் வாக்குரிமையற்றிருந்தனர். ஆசனமும் போயிற்று. ஆயினும் அவர் தொழிற்சங்கப் பணியை விடவில்லை. தோட்டத்து வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுப்பதையும் விடவில்லை. பதவியினும் இத்தொகுப்பே பெரிதென்பது நம் துணிபு. எழுதத் தெரியாதவர் என்று ஒதுக்கப்பட்டோரைத் தமக்கு ஆசான்களாக அவர் ஏற்றுக்கொண்டாரன்றோ!

'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983 இல் வெளிவந்தது. நம் பதுளை நகரம் ஜூலைக் கலவரத்தில் எரிந்த ஆண்டும் அதுவே. மறு ஆண்டு கவிஞர் மறைந்தார். அப்பாடல்களைக் கட்டியோர் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்தம் வழிவந்தோரிற் பலர் அன்றும் நாடற்றவராகவே இருந்தனர். 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னரே எஞ்சியோருக்குக் குடியுரிமை கிடைத்தது.