மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான்

கிழக்கே கொல்லிமலையும் வடக்கே சேர்வராயன் மலையும் சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நம் கண்ணில் நாள்தோறும் படுபவை. சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் வேரூன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, கடலுக்கு அப்பால் இலங்கையின் கண்டிப் பகுதி மலைகளிலும் ஆங்கிலேயர் காடழித்துக் காப்பி பயிரிட்டனர். அந்த வேலைக்கு ஆள் தேடிய கங்காணிகள் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் மாவட்டங்களுக்கும் புதுக்கோட்டைச் சீமைக்கும் வந்தனர். மழை பொய்த்த ஆண்டுகளில் அவர்களுக்கு ஆள் கிடைப்பது எளிதாயிற்று. 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும் பஞ்சத்தில் மிகக் கொடிய இழப்பைக் கண்ட மாவட்டங்களுள் நம் சேலமும் ஒன்று.

அவ்வாறு சென்றவர்களின் வழித்தோன்றல்கள் நூறு ஆண்டுகள் கழித்து இந்நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், என் வகுப்பில் அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் படித்தனர். சேர்க்கைப் பதிவேட்டில் சொந்த ஊர் என்னும் இடத்தில் எதை எழுதுவது என்று அவர்களுடைய தந்தையார் நெடுநேரம் தயங்கி நின்றது இன்றும் என் நினைவில் உள்ளது. பாட்டனார் பிறந்த ஊரில் அவர்களுக்கு உறவென்று எவரும் இல்லை. தாம் பிறந்த ஊர் இனித் தம் ஊர் இல்லை என்று அரசுத் தாள் ஒன்று கூறிவிட்டது. அந்தத் தயக்கத்தின் பின்னணியை அறிய விரும்பித்தான் சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். எந்த ஊருக்கும் உரியவரல்லர் என்று ஒதுக்கப்பட்ட மக்களை ஒரு நாட்டின் குடிமக்களாக்குவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்தவர் அவர்.

பிறப்பும் இளமையும்

தொண்டமான் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், இன்றைய சிவகங்கை மாவட்டத்தைச் சார்ந்த முனப்புதூரில் பிறந்தார். தந்தையார் கருப்பையா வறுமையின் காரணமாக இளமையிலேயே இலங்கைக்குச் சென்றவர். தோட்டத்தில் உழைத்து, கங்காணியாக உயர்ந்து, சேர்த்த பொருளைக் கொண்டு நுவரெலியா மாவட்டத்து இறம்பொடைப் பகுதியில் வேவண்டன் என்னும் தேயிலைத் தோட்டத்தையே விலைக்கு வாங்கினார். பெரும்பாலான தோட்டங்கள் ஆங்கிலேயர் கையில் இருந்த காலத்தில், கூலியாட்களை அனுப்பிய நாட்டிலிருந்து வந்த ஒருவர் தோட்டத்துக்கு உரிமையாளராவது அரிதினும் அரிது.

மகன் ஊரிலேயே வளர்ந்து, 1924ஆம் ஆண்டில் தம் பதினொன்றாம் வயதில் தந்தையிடம் சென்று சேர்ந்தார். பின்னர்க் கம்பளையில் புனித அந்திரேயர் கல்லூரியில் பயின்றார். 1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து பல ஊர்களில் பேசினார். அந்த வருகை மாணவராக இருந்த தொண்டமானின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1932இல் கோதை அம்மையாரை மணந்தார். அவர்களுக்கு இராமநாதன் என்னும் ஒரே மகன். தந்தையாருக்குப் பின் தோட்டத்தின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அந்நாளில் தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கை எவ்வாறிருந்தது என்பதை இங்கே சொல்லுதல் வேண்டும். வரிசையாகக் கட்டப்பட்ட லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்த பின்னரே அன்றைய வேலை. பயணச் செலவுக்கும் முன்பணத்துக்கும் கங்காணியிடம் பட்ட கடன் தீர்வதே இல்லை. அக்கடனைக் குறித்த துண்டுச் சீட்டு, தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினாலும் தொழிலாளியைத் தொடர்ந்தது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது, வறுமை ஒழியவில்லை. உரிமையாளர் வீட்டுப் பிள்ளையாக வளர்ந்த தொண்டமான், இவற்றைத் தம் வீட்டு முற்றத்திலிருந்தே பார்த்தவர்.

பொதுவாழ்வில் நுழைதல்

1939இல் இலங்கை அரசு தன் துறைகளில் நாட்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்க முற்பட்டது. பேச்சு நடத்த வந்த ஜவகர்லால் நேரு, பிரிந்து கிடந்த இந்திய வம்சாவளியினரின் அமைப்புகள் ஒன்றுபட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அதன் பயனாக அவ்வாண்டு ஜூலையில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கப் பிரிவும் அமைந்தது. கம்பளைக் கிளையின் தலைவராகப் பணி தொடங்கிய தொண்டமான், 1945இல் காங்கிரசுக்கே தலைவரானார்.

தோட்ட உரிமையாளர் ஒருவர் தொழிலாளர் தலைவராவது பொருந்துமா என்னும் வினா அன்றே எழுந்தது. இடதுசாரிகள் வாழ்நாள் முழுவதும் அவர் மீது அக்குறையைக் கூறினர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் தேயிலையின் விலையும் ஆதாயமும் கணக்கும் அறிந்த ஒருவர் தொழிலாளர் பக்கத்தில் அமர்ந்து பேசியபோது, தோட்ட முதலாளிகளின் சங்கத்தால் அவரை எளிதில் ஏய்க்க முடியவில்லை என்பதும் உண்மை. கற்ற தொழிலறிவை அவர் எவர் பொருட்டுச் செலவிட்டார் என்பதைக் கொண்டே அவரை மதிப்பிடுதல் தகும்.

உரிமை பறிபோன காலம்

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாத் தொகுதியிலிருந்து தொண்டமான் நாடாளுமன்றம் சென்றார். அவருடைய கட்சியினர் வேறு சிலரும் மலையகத் தொகுதிகளில் வென்றனர். அவ்வெற்றியே ஆட்சியாளரை அச்சுறுத்தியது. நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. தந்தையோ, பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். லயத்து அறையில் பிறந்து, எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் வாழ்ந்து மறைந்த மக்களிடம் சான்று எங்கிருந்து வரும்? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று.

1949இல் வந்த மற்றொரு சட்டம், நீண்டகாலம் வாழ்ந்தமையைக் காட்டி விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி வைத்தது. முதலில் அதைப் புறக்கணித்த காங்கிரஸ், பின்னர்த் தன் கிளைகள் வழியே விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தது. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டவர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

1952ஆம் ஆண்டு ஏப்ரலில் தொண்டமான் அறப்போரைத் தொடங்கினார். கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் தொண்டர்கள் நாள்தோறும் அமர்ந்தனர். இழுத்தெறியப்பட்டபோதும் கை ஓங்காமல் மீண்டும் வந்து அமர்ந்தனர். மாதக்கணக்கில் நீடித்த அப்போராட்டம் சட்டத்தை மாற்றவில்லை. அவ்வாண்டுத் தேர்தலில் மலையகத் தமிழருக்கென ஓர் உறுப்பினரும் நாடாளுமன்றம் செல்லவில்லை. வாக்கில்லாத மக்களிடம் எஞ்சியிருந்தது தொழிற்சங்கம் ஒன்றே. அதனைத் தொண்டமான் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்னும் பெயரில் நாட்டின் மிகப் பெரிய சங்கங்களுள் ஒன்றாக வளர்த்தார். 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராக அவர் மீண்டும் அவைக்குச் சென்றார்.

இரு நாடுகள் பங்கிட்ட மக்கள்

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நாடற்றவர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவர்களுள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைச் சரிபாதியாகப் பிரிப்பது என்று 1974இல் உடன்பாடு கண்டனர்.

அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை என்பதே தொண்டமானின் முதன்மையான மறுப்பு. மனிதரைச் சரக்குப் போல எண்ணிக்கையிட்டுப் பகிர்வதை அவர் கடுமையாகக் கண்டித்தார். ஒப்பந்தம் நிற்கவே செய்தது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் கப்பலாக மக்கள் வந்தனர். ஒரே குடும்பத்தில் தமையன் இந்தியக் குடிமகனாகவும் தம்பி இலங்கைக் குடிமகனாகவும் பிரிந்த துயரம் எத்தனையோ வீடுகளில் நிகழ்ந்தது. வந்தவர்களுள் ஒரு பகுதியினருக்காகத் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அவையே இன்று டான்டீ என்னும் அரசு நிறுவனமாக உள்ளன. பிறர் தமிழகத்தின் பல மாவட்டங்களிலும் ஆலைகளிலும் கூலி வேலைகளிலும் கலந்து கரைந்தனர்.

அமைச்சர் பொறுப்பு

எழுபதுகளில் வடபகுதித் தலைவர்களுடன் இணைந்து தமிழர் கூட்டணியின் தலைவர்களுள் ஒருவராகத் தொண்டமான் இருந்தார். 1976இல் அக்கூட்டணி தனிநாட்டுக் கோரிக்கையை மேற்கொண்டபோது அவர் அதில் சேரவில்லை. நான்கு புறமும் சிங்கள ஊர்கள் சூழ்ந்த மலையகத்து மக்களுக்கு, வடக்கில் ஒரு நாடு அமைவதால் காப்பு கிடைக்காது என்பது அவருடைய கணிப்பு. 1977இல் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து, முப்பது ஆண்டுகளுக்குப் பின் மக்கள் வாக்கால் மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1978இல் ஜெயவர்த்தன அரசில் ஊரகத் தொழில் வளர்ச்சி அமைச்சரானார். ஆட்சிகள் மாறியும் இறக்கும் வரை அவர் அமைச்சராகவே இருந்தார்.

இங்கே அவர் மீது மற்றொரு குறை சொல்லப்படுவதுண்டு. 1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயலில் தமிழர் உயிரும் உடைமையும் அழிந்தபோது, அவர் அவ்வரசிலிருந்து ஏன் வெளியேறவில்லை என்று பலர் கேட்டனர். வெளியேறியிருந்தால் அவர் புகழ் உயர்ந்திருக்கக்கூடும். உள்ளே இருந்ததால் பின்வந்த இரண்டு நன்மைகள் மலையகத்துக்குக் கிடைத்தன என்பதையும் சேர்த்தே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது 1984ஆம் ஆண்டின் ஊதியப் போராட்டம். அமைச்சராக இருந்துகொண்டே தம் சங்கத்தை வேலைநிறுத்தத்தில் இறக்கினார். அதன் முடிவில் ஊதியம் உயர்ந்ததோடு, கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான கூலியும் கிடைத்தது. தேயிலைத் தொழிலைத் தாங்குவது பெண்களின் விரல்களே என்பதை அறிந்தோர் இதன் பெருமையை உணர்வர்.

இரண்டாவது 1986ஆம் ஆண்டின் வழிபாட்டு இயக்கம். எஞ்சிய நாடற்றவர்க்குக் குடியுரிமை வேண்டி, தைப்பொங்கல் நாளிலிருந்து தொழிலாளர் காலை வேளையில் கோயிலில் கூடி வழிபடுவர், நண்பகலுக்குப் பின்னரே வேலைக்குச் செல்வர் என்று அறிவித்தார். முழக்கமில்லை, ஊர்வலமில்லை. காலையில் பறிக்க வேண்டிய கொழுந்து செடியிலேயே நின்றது. அரசு விரைவில் பேச்சுக்கு இசைந்தது. அவ்வாண்டிலும் 1988இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் குடியுரிமை வழங்கும் வழி திறந்தது. 1952இல் தோற்ற அறவழியே முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து வென்றது. இன்னா செய்யாமையை அறத்தின் அடித்தளமாகக் கொண்ட நம் குடும்பங்களுக்கு, இவ்வெற்றியின் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இறுதியும் எச்சமும்

தொண்டமான் 1999ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், தம் 86ஆம் வயதில் மறைந்தார். தம் மக்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்ட ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக 35 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. விடுபட்டோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. அதைக் காண அவர் இல்லை.

அவர் செய்து முடிக்காதவையும் உண்டு. லயத்து அறைகள் இன்னும் மறையவில்லை. குடியிருக்கும் மண்ணுக்கு உரிமை இல்லாத குடும்பங்கள் இன்றும் மலையகத்தில் வாழ்கின்றன. நாட்கூலிக்கான போராட்டம் தலைமுறை தாண்டியும் தொடர்கிறது. தலைமை அவருடைய குடும்பத்துக்குள்ளேயே சென்றதை ஏற்காதவர்களும் பலர். ஆயினும் வாக்குச் சீட்டு ஒன்று கையில் இருப்பதால், இக்குறைகளை அம்மக்கள் இன்று தம் சொந்த நாட்டின் அரசிடம் உரிமையோடு கேட்க முடிகிறது.

என் வகுப்பில் படித்த அப்பிள்ளைகளின் தந்தையார், நெடுநேரம் எண்ணிய பின், தாம் பிறந்த தோட்டத்தின் பெயரையே சொந்த ஊராக எழுதச் சொன்னார். நானும் அவ்வாறே எழுதினேன். நம் பகுதியிலும் தேயிலைத் தோட்டத்துப் பேச்சு மாறாத முதியோர் ஒரு சிலர் இருக்கக்கூடும். இவ்விழா நாளில் அவர்களுள் ஒருவரையேனும் கண்டு, அவர் ஊர் எது என்று நம் பிள்ளைகள் கேட்டு அறிந்துகொள்வார்களாக.