லீ சாட்லியரும் சேராத வாயுவும்

பரீட்சைக்கு நாம் உருப்போடும் லீ சாட்லியர் 1850-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா என்ஜினீயர். மகன் சுரங்கக் கல்லூரி ஆசிரியர். அழுத்தம் கூடினால் மூலக்கூறு குறையும் பக்கம் சமநிலை நகரும். இதைச் சொல்லும் அவர் தத்துவம் 1884-ல் வெளிவந்தது.

நைட்ரஜன் ஒன்று, ஹைட்ரஜன் மூன்று. சேர்ந்தால் அம்மோனியா இரண்டு. அழுத்தினால் கிடைக்குமே என்று 1901-ல் செய்து பார்த்தார். கருவிக்குள் காற்று கலந்திருந்ததால் வெடித்துவிட்டது. அதோடு கைவிட்டார். 1909-ல் ஜெர்மனியில் ஹேபர் செய்து காட்டினார். நோபல் பரிசும் ஹேபருக்கே போனது.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். பென்னாகரம் பக்கம் எங்க ராகிக் கொல்லையில் அப்பா தூவுகிற யூரியா, அம்மோனியாவில் இருந்துதான் வருது. அதனால் அந்த வெடிப்பை ஒரு வரிச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

உர ஆலையில் அவர் தத்துவம்தான் இன்றும் கணக்கு. காற்றில் இருந்து எடுக்கும் நைட்ரஜனோடு ஆர்கானும் வரும். எதோடும் சேராத வாயு, சும்மா கிடக்கும் என்று நினைப்போம். கிடக்காது! சுற்றிச் சுற்றி வரும் வாயுவில் பெருகிக்கொண்டே போகும். 200 வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு ஆர்கான் என்றால், மற்றவற்றுக்கு 180-தான் மிச்சம். அம்மோனியா குறையும். ஆகவே கொஞ்சம் வாயுவை வெளியே விட்டுக்கொண்டே இருப்பார்கள். அதோடு நல்ல ஹைட்ரஜனும் போகும். (கன அளவு மாறாத பாத்திரத்தில் ஆர்கான் சேர்த்தால் சமநிலை அசையாது. வினாத்தாளில் இதைக் கவனியுங்கள்.)

அம்மோனியாவைக் கைநழுவ விட்ட வருத்தத்தை லீ சாட்லியர் முதுமையில் மறைக்கவில்லை. 1936-ல் காலமானார்.