அதியமான் கொடுத்த தேறல்

நெல்லிக்கனி கொடுத்த அதியமானைத் தெரியாத தமிழர் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அந்தக் கதையைச் சொல்லும்.

அதே அதியமான் இன்னொன்றும் கொடுத்தான். அது ஒரு கிண்ணம் கள்!

அவன் இறந்த பிறகு ஔவையார் அழுது பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. அந்தப் பாட்டில் அவர் முதலில் நினைத்துக் கொள்வது நெல்லிக்கனியை அல்ல. அந்தக் கள்ளைத்தான்.

ஏன்? அதைத் தெரிந்து கொள்ள அவன் கதையை முதலில் இருந்து பார்க்க வேண்டும்.

தகடூர் மன்னன்

கொங்கு நாட்டின் வடக்கே உள்ள தருமபுரிக்கு அந்தக் காலத்தில் தகடூர் என்று பெயர். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு அதை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. குதிரைமலை அவனுடைய மலை.

அவன் முன்னோர்கள்தான் இந்த நாட்டுக்குக் கரும்பைக் கொண்டு வந்தவர்கள் என்று ஔவையார் பாடி இருக்கிறார். கடை ஏழு வள்ளல்கள் என்று சொல்கிறோமே, அந்த ஏழு பேரில் அதியமானும் ஒருவன்.

பெரிய வீரன் அவன். திருக்கோவலூர் மீது படை எடுத்து வென்றான். அந்த வெற்றியைப் பரணர் பாடினார்.

அதியமான் வெறும் பாட்டில் வரும் மன்னன் அல்ல. 1981-ம் ஆண்டில், திருக்கோவலூருக்கு அருகே உள்ள ஜம்பை என்ற ஊரில் ஒரு பாறைக் கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். அவன் பெயரும், அவன் கொடுத்த இருப்பிடம் அது என்ற செய்தியும் அதில் பழைய தமிழ் எழுத்தில் வெட்டப்பட்டு இருந்தன. ஆக, கொடுத்தவன் என்ற பெயர் அவனுக்குக் கல்லிலும் நிலைத்து விட்டது!

மூங்கிலில் விளைந்த தேன்

அந்தக் காலத்தில் கள் என்றால் பனங்கள் மட்டும் அல்ல. அரிசியிலும் கள் செய்தார்கள். மலைநாட்டில் தேனிலும் செய்தார்கள். அதற்குத் தேக்கள் என்று பெயர். தெளிய வைத்த கள்ளைத் தேறல் என்பார்கள்.

மலையில் வாழ்ந்த குறவர்கள் தேன் கள்ளை மூங்கில் குழாயில் ஊற்றி, நெடுநாள் விளைய விட்டார்கள். திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் இதைச் சொல்கின்றன. நிலத்தில் புதைத்து வைத்து முதிரச் செய்வதும் உண்டு. புல் வேய்ந்த குடிசைதோறும் அந்தத் தேறல் இருந்தது என்று கபிலர் பாடி இருக்கிறார்.

தேன் எப்படிக் கள்ளாகிறது?

நல்ல தேன் ஆண்டுக்கணக்கில் கெடாது. அதில் தண்ணீர் மிகக் குறைவு. நூறு பங்கில் இருபது பங்குகூட இருக்காது. அதனால் நுண்ணுயிர்கள் அதில் வளர முடியாது. தண்ணீர் சேர்த்து விட்டாலோ, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் விழித்துக் கொள்ளும். இனிப்பைத் தின்று, அதைச் சாராயச் சத்தாக மாற்றும். கூடவே காற்றும் கிளம்பும். இரவில் ஆட்டி வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கிறதே, ஏறத்தாழ அதே கதைதான். காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் குழாய் வெடித்து விடும்!

புளிப்பதற்குக் காரணம் உயிருள்ள ஒரு பொருள் என்பதை, பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1857-ம் ஆண்டில்தான் விளக்கினார். காரணம் தெரியாமலே நம் மலைமக்கள் காரியத்தைக் கற்று இருந்தார்கள். எத்தியோப்பியா நாட்டில் இன்றும் வீட்டுக்கு வீடு தேன் மது செய்கிறார்கள். அதற்கு அங்கே தேஜ் என்று பெயர்.

நாள் ஆக ஆகத் தேறலுக்கு வேகம் ஏறும். அதியமான் மகன் பொகுட்டெழினி தமக்குக் கொடுத்த தேறல் தேள் கொட்டியது போல் கடுத்தது என்று ஔவையார் பாடி இருக்கிறார்!

இப்படிப்பட்ட தேறல் எளிதில் கிடைத்து விடாது. மலைத்தேன் செங்குத்தான பாறையில் தொங்கும். உயிரைப் பணயம் வைத்துத்தான் அதை எடுக்க வேண்டும். பிறகு பல நாள் காத்து இருக்க வேண்டும். ஆகவே ஒரு சிறு கிண்ணம் என்றாலும் அது அருமையான பொருள்.

ஔவை வந்தார்

இந்த ஔவையார் சங்க காலத்தவர். ஆத்திசூடி பாடிய ஔவையார் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்தவர்.

ஒரு முறை அதியமான் பரிசு கொடுக்காமல் நாளைக் கடத்தினான். கொடுத்தால் ஔவையார் ஊரை விட்டுப் போய் விடுவாரே என்ற ஆசைதான் காரணம் என்பார்கள். ஔவையாருக்குக் கோபம் வந்து விட்டது. எந்தத் திசைக்குப் போனாலும் தமக்குச் சோறு கிடைக்கும் என்று வாயில் காவலனிடமே சொல்லி விட்டார்.

பிறகு அவனைப் புரிந்து கொண்டார். ஒரு நாள் போனாலும் சரி, பல நாள் பலரோடு போனாலும் சரி, முதல் நாள் காட்டிய அன்பையே அவன் காட்டினான்.

மலைப் பிளவில், ஏற முடியாத உயரத்தில் இருந்து கொண்டு வந்த நெல்லிக்கனி அவன் கைக்கு வந்தது. சாவை விலக்கும் கனி அது! அந்தச் செய்தியை மனத்துக்குள் மறைத்துக் கொண்டு, கனியை ஔவையாருக்குக் கொடுத்தான்.

கள்ளிலும் அவன் வழி அதுதான். கொஞ்சமாகக் கிடைத்தால் முழுவதையும் ஔவையாருக்குக் கொடுத்து விடுவான். நிறையக் கிடைத்தால் ஔவையார் பாட, மகிழ்ச்சியோடு தானும் குடிப்பான். சோறும் அப்படியே. கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் பலரோடு பகிர்ந்துதான் உண்பான்.

அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் படைக்கலங்களைக் காட்டினான். மாலை சூடி, நெய் பூசி, அவை பளபளத்தன. ஔவையார் அவற்றைப் புகழ்வது போல் புகழ்ந்தார். அதியமானின் வேல்களோ போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றும் சொன்னார். எது போர் கண்ட ஆயுதம் என்பது தொண்டைமானுக்குப் புரிந்து இருக்கும்!

தகடூர் விழுந்தது

சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமான் மீது பகை கொண்டான். கொல்லிமலைப் பகுதியில் பெரும் போர் நடந்தது. அதியமானும் அவனோடு நின்ற இரு பெரு வேந்தர்களும் தோற்றார்கள். பிறகு தகடூர்க் கோட்டையும் விழுந்தது. சேரனுக்குத் தகடூர் எறிந்தவன் என்ற பெயர் கிடைத்தது.

அதியமான் மார்பில் வேல் பாய்ந்தது. மாண்டான். அந்த வேல் பாணர்களின் கையில் இருந்த கிண்ணங்களையும் துளைத்து விட்டது என்று ஔவையார் அழுதார். கொடுக்கிறவன் போய் விட்டால் கிண்ணம் ஏது?

அவனுக்கு நடுகல் நட்டார்கள். மயில் பீலி சூட்டினார்கள். நாரில் வடித்த கள்ளைச் சிறு கிண்ணத்தில் எடுத்து அந்தக் கல்லுக்குப் படைத்தார்கள். ஔவையார் பார்த்தார். நெஞ்சு வெடித்தது. மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக் கொள்ளாதவன், இந்தச் சிறு கிண்ணத்தை வாங்கிக் கொள்வானா என்று கேட்டார். வாழ்நாள் எல்லாம் அவருக்குக் கிண்ணத்தைக் கொடுத்தவன் அல்லவா அவன்!

காலம் மாறியது

தகடூர் மண் பிறகு வேறு ஒரு முறையில் பெயர் பெற்றது. 1937-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி, அப்போது முதல்-மந்திரியாக இருந்த ராஜாஜி, சென்னை மாகாணத்தில் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். அன்று தருமபுரி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1965-ம் ஆண்டில்தான் தனி மாவட்டம் ஆயிற்று. தேறல் பரிமாறிய மண்ணில்தான் மதுவிலக்கும் முதலில் வந்தது!

குடியால் கூலி கரைந்து, அடுப்பு எரியாத வீடுகளின் கண்ணீர்தான் அந்தச் சட்டத்துக்குக் காரணம். வீட்டில் அனுமதி இன்றி மது செய்வது தமிழ்நாட்டில் இன்றும் குற்றம்.

அதியமானின் கிண்ணத்துக்குப் பெருமை கள்ளால் வந்தது அல்ல. எல்லாருக்கும் போதுமான அளவு இருந்தபோது அவன் சேர்ந்து உண்டான். ஒருவருக்கு மட்டுமே போதும் என்று இருந்தபோது தான் உண்ணவில்லை.

பானையில் சோறு குறைந்த இரவில், தமக்குப் பசி இல்லை என்று சொல்லிப் பிள்ளைக்குப் போட்ட தாய்மார்கள் நம் கொங்கு நாட்டில் எத்தனையோ பேர். ஔவையார் ஏன் அழுதார் என்பது அவர்களுக்குத் தெரியும்.