சொற்கடல் கடைந்த ஜான்சன்

ஒரு மொழியைக் கற்க விரும்புவோர்க்கு உற்ற துணையாவது அகராதி. பொருள் அறியாத அருஞ்சொல் எதிர்ப்படின் நாம் அகராதியை நாடுகிறோம்; நொடிப்பொழுதில் ஐயம் நீங்குகிறது. அவ்வுதவியின் பின்னால் மறைந்து நிற்கும் உழைப்பை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆங்கில மொழிக்குச் சிறந்ததோர் அகராதியை ஆக்கித் தந்த சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை அவ்வுழைப்பின் பெருமையை இனிது உணர்த்தும்.

ஜான்சன் 1709ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இங்கிலாந்து நாட்டு லிச்ஃபீல்டு நகரில் பிறந்தார். அவர் தந்தையார் புத்தக வணிகர். குழவிப் பருவத்தில் உற்ற கண்டமாலை நோய் ஜான்சனின் முகத்தில் வடுக்களை விட்டுச் சென்றது, கண்ணொளியையும் குறைத்தது. ஆயினும் அம்மங்கிய கண்களைக் கொண்டே தந்தையார் கடையில் இருந்த நூல்களை அவர் ஆர்வத்துடன் கற்றார். 1728இல் ஆக்ஸ்போர்டு நகரின் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே வறுமை அவரை வாட்டியது. கிழிந்த காலணியுடன் அவர் நடப்பதைக் கண்டு இரங்கிய ஒருவர், புதிய காலணிகளை அவர்தம் அறை வாயிலில் வைத்துச் சென்றார். மானம் மிக்க ஜான்சன் அவற்றை எடுத்து வீசி எறிந்தார். சுமார் பதின்மூன்று திங்களில், பட்டம் பெறாமலேயே அவர் கல்லூரியை விட்டு நீங்க நேர்ந்தது.

பின்னர் அவர் தொடங்கிய பள்ளியும் நிலைக்கவில்லை. 1737இல் தம் மாணவர் டேவிட் கேரிக்குடன் இலண்டன் மாநகர் சென்றார். கேரிக் பிற்காலத்தில் புகழ்பெற்ற நடிகரானார். ஜான்சனோ இதழ்களுக்கு எழுதி வயிறு வளர்க்கலானார்.

அக்காலத்தில் ஆங்கிலத்தில் அகராதிகள் இல்லாமல் இல்லை. இராபர்ட் காட்ரி என்பார் 1604ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதி வெளியிட்டிருந்தார். அவருக்குப் பின் வந்தோர் பலரும் இலத்தீன் முதலிய மொழிகளினின்று வந்த கடுஞ்சொற்களையே பெரிதும் விளக்கினர். எளிய சொற்களைச் சேர்த்தவரும், அவை எல்லோரும் அறிந்தவை என்று கருதி அவற்றைச் சுருக்கமாகக் கூறி அமைந்தனர். இக்குறையைப் போக்க எண்ணிய இலண்டன் புத்தக வணிகர் சிலர், 1746இல் ஜான்சனிடம் அப்பணியை ஒப்படைத்தனர். ஊதியம் 1,575 பவுன். பிரெஞ்சு நாட்டில் அறிஞர் கழகம் ஒன்று பல பத்தாண்டுகள் முயன்று முடித்த பணியைத் தாம் ஒருவராகவே மூன்று ஆண்டுகளில் முடிக்கலாம் என்று ஜான்சன் நம்பினார்.

இலண்டனில் கஃப் சதுக்கத்து இல்லம் ஒன்றின் மேல்மாடம் அவருடைய பணிக்களம் ஆயிற்று. படியெடுக்க உதவியாளர் அறுவர் இருந்தனர். சொல்லின் பொருளைத் தம் மனம்போன போக்கில் எழுத அவர் விரும்பவில்லை. நல்லாசிரியர் நூல்களை ஒவ்வொன்றாகப் பயின்றார். வேண்டிய சொல்லின்கீழ்க் கோடிட்டு, அதன் முதலெழுத்தை ஓரத்தில் குறித்தார். உதவியாளர் அச்சொல் வந்த பகுதியைப் படியெடுத்தனர். இவ்வாறு தொகுத்த ஆட்சிகளை ஒப்புநோக்கி, அவற்றினின்றே சொல்லின் பொருள்களை வரையறுத்தார்.

அப்போதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. கடுஞ்சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரு பொருளே உண்டு. அதை விளக்குதல் எளிது. நாள்தோறும் வழங்கும் சிறுசொல்லே உரையாசிரியனைத் திகைக்கச் செய்வது. மருந்து உட்கொள்வதற்கும், நகரைக் கைப்பற்றுவதற்கும், ஒரு வழியே செல்வதற்கும் ஆங்கிலத்தில் ‘டேக்’ என்னும் ஒரே சொல் வழங்கும். அச்சிறுசொல்லுக்கு ஜான்சன் வகுத்த பொருள்கள் 130க்கும் மேற்பட்டவை!

மூன்று ஆண்டுகள் கடந்தன. பணி பாதியும் முடியவில்லை. 1752இல் அவர் மனைவியார் எலிசபெத் மறைந்தார். தனிமைத் துயரிலும் அவர் எழுதுகோலைக் கைவிடவில்லை. தொடக்கத்தில் புரவலராக எண்ணி அவர் நாடிய செஸ்டர்ஃபீல்டு பிரபு, பத்துப் பவுன் அளித்ததோடு அவரை மறந்தார். நூல் முடியும் தறுவாயிலோ அதனைப் புகழ்ந்து எழுதினார். மூழ்கும்போது உதவாமல் கரையேறிய பின் கைகொடுக்க வரும் புரவலரால் பயனில்லை என்ற கருத்துப்பட, ஜான்சன் 1755இல் அவருக்கு மடல் விடுத்தார்.

அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அகராதி இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. நாற்பதினாயிரத்திற்கு மேற்பட்ட சொற்களும், அவற்றை விளக்கும் இலட்சத்திற்கு மேற்பட்ட மேற்கோள்களும் அதில் இடம்பெற்றன. பட்டமின்றி வெளியேறியவருக்கு, நூல் வெளிவருமுன்னரே ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் முதுகலைப் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. புகழ் வந்தும் வறுமை நீங்கவில்லை. ஊதியப் பணம் முன்னரே செலவாகிவிட்டதால், மறு ஆண்டில் ஆறு பவுனுக்கும் குறைந்த கடனுக்காக அவர் சிறைப்பிடிக்கப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பொருள் அனுப்பி அவரை மீட்டார். 1762இல் அரசு ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகை வழங்கிய பின்னரே அவரது வறுமை அகன்றது.

அகராதியில் பிழைகளும் இருந்தன. குதிரையின் குளம்பை அடுத்த பகுதியைக் குறிக்கும் சொல்லுக்கு முழங்கால் என்று அவர் பொருள் எழுதிவிட்டார். அதன் காரணத்தைப் பெண்மணி ஒருவர் வினவியபோது, தம் அறியாமையே காரணம் என்று அவர் தயங்காது கூறினார். கற்றறிந்த பெரியோர்க்கு இவ்வடக்கமே அணிகலன்.

1784 டிசம்பர் 13ஆம் நாள் ஜான்சன் இயற்கை எய்தினார். 1928இல் நிறைவுற்ற ஆக்ஸ்போர்டுப் பேரகராதியும், சொல்லாட்சிகளைத் திரட்டிப் பொருள் காணும் நெறியையே பின்பற்றியது. அருஞ்சொற்களை மட்டும் வரிசையாக மனப்பாடம் செய்வதால் மொழியறிவு நிரம்பாது. நல்ல நூல்களில் ஒவ்வொரு சொல்லும் எவ்விடத்தில் எப்பொருளில் வருகிறது என்பதை உற்றுநோக்கிக் கற்றல் வேண்டும். எளிய சொல்லென்று எதனையும் இகழ்தல் கூடாது. இதுவே ஜான்சனின் உழைப்பு நமக்குப் புகட்டும் பாடமாகும்.