தாழ்மை வேறு, கோழைத்தனம் வேறு
யோசேவாஸ் அடிகளாரின் வாழ்வு கற்பிக்கும் பாடம்



பணிவையும் பயத்தையும் ஒன்றாக எண்ணும் பழக்கம் எம்மிடையே உண்டு. ஆலயத்தில் வாசகம் வாசிக்க அழைத்தால், தமக்குத் தகுதியில்லை என்று பின்வாங்குகிறவரைத் தாழ்மையுள்ளவர் என்கிறோம். முன்வந்து நிற்பவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று முணுமுணுக்கிறோம். இவ்விரு தீர்ப்புகளுமே பிழையாகலாம். தற்பெருமையும் நல்ல துணிவும் வெளித் தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும்; வேர்கள்தாம் வேறு. இதனை விளங்கிக்கொள்ள, எமது மண்ணில் நடந்து திரிந்த ஒரு புனிதரின் வாழ்வைச் சற்று நோக்குவோம்.

யோசேவாஸ் அடிகளார் 1651 ஏப்ரல் 21-ல் கோவாவில் பிறந்தார். 1676-ல் குருவானார். மறு ஆண்டே, தம்மைத் தேவதாயின் அடிமையெனப் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டார். இந்த அடிமைதான் பின்னர் ஒல்லாந்தரின் வல்லமைக்கு அஞ்சாதவராக விளங்கினார் என்பதை மறவாதீர்கள்.

1658-ல் யாழ்ப்பாணமும் மன்னாரும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். மேய்ப்பரின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரைப் பற்றிக் கேள்வியுற்ற அடிகளார், அங்கு செல்ல முன்வந்தார். மேலிடமோ அவரைக் கன்னடப் பகுதிக்குச் செல்லப் பணித்தது. தமது எண்ணமே சரியென்று அவர் வாதாடவில்லை. 1681-ல் அங்கு சென்று உழைத்தார். தற்பெருமைக்காரன் தன் திட்டம் தள்ளிப்போனால் மனம் கசந்துபோவான். அடிகளாரோ காத்திருந்தார், ஆனால் இலங்கையை மறக்கவில்லை.

1685-ல் கோவாவின் ஒறற்றோரியன் சபையில் சேர்ந்து, அதன் தலைவராகவும் தெரிவு செய்யப்பட்டார். அந்த இருக்கையை விட்டிறங்கி, அருளப்பன் என்னும் பணியாளர் துணையுடன் 1687-ல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். எந்தக் கோலத்தில்? கூலியாளைப்போல, பிச்சைக்காரனைப்போல! வரும்போதே வயிற்றுளைவினால் உடல் நலிந்திருந்தது. கழுத்தில் செபமாலையை அணிந்து வீடுவீடாகப் பிச்சை கேட்டு, அதனைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக்கொண்டே கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலை அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. இரவில் பூசை ஒப்புக்கொடுத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் சுற்றி வளைத்து விசுவாசிகளைச் சிறைப்பிடித்தனர், அடிகளார் தப்பினார். அதன்பின் நாடு திரும்பியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்தை நோக்கி நடந்தார்.

1692-ல் கண்டியில் போர்த்துக்கேய ஒற்றன் என்ற குற்றச்சாட்டின்பேரில் அவரைக் காவலில் வைத்தனர். அங்கே அவர் சிங்களம் பயின்றார். சிறு குடிசை அமைத்து அதனை ஆலயமாக்கினார். வறட்சியின்போது அவர் வெளியில் பீடம் அமைத்துச் செபிக்க, மழை பொழிந்தது என்பது எமது முன்னோர் வழிவழியாகப் போற்றிவரும் செய்தி. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு மறைபோதிக்கச் சுதந்திரம் அளித்தான். 1697-ல் பெரியம்மை கண்டியைத் தாக்கியது. உறவினரே கைவிட்டுச் சென்ற நோயாளரை அடிகளார் தேடிச் சென்று பராமரித்தார். இறந்தோரைத் தம் கையால் அடக்கஞ் செய்தார். அற்புதம் செய்தவர் என்று பேரெடுத்த கைகளே புண்களைக் கழுவின.

வாசகரே, இங்கு நின்று சிந்தியுங்கள். தனியே ஒரு நாட்டுக்குள் நுழையும் துணிவு சாதாரணமானதா? அது தற்பெருமையாக இருந்திருந்தால், எல்லாம் தம்மாலேயே ஆகவேண்டும் என்று எண்ணியிருப்பார். அவரோ கோவாவிடம் துணைக் குருக்களைக் கேட்டுப் பெற்றார். குரு வரமுடியாத நாட்களில் ஊர்களின் விசுவாசத்தைக் காக்கும் பொறுப்பை அண்ணாவிமாரிடமும் மூப்பர்மாரிடமும் நம்பி ஒப்படைத்தார். 1705-ல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிப் புகழ்பெற்றார். அந்த இளையவரின் திறமை மூத்தவருக்கு நிழலாகத் தோன்றவில்லை, வரமாகத் தோன்றியது. உரோமையின் பிரதிநிதி அவரை மேற்பதவிக்கு உயர்த்த எண்ணியபோதோ, வேண்டாமென்று விலகிக்கொண்டார். பணியென்றால் முன்னால், பதவியென்றால் பின்னால்: இதுவே அவருடைய அளவுகோல்.

1711 ஜனவரி 16-ல் தமது 59-ஆம் வயதில் கண்டியில் அவர் இறைவனடி சேர்ந்தார். 1995-ல் கொழும்பில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015-ல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

பெற்றோரே, பிள்ளைகளிடம் இருக்கும் திறமையைப் பெருமை என்று அதட்டி அடக்காதீர்கள். கடவுள் கொடுத்த தாலந்தை மண்ணில் புதைத்துவிட்டு அதற்குத் தாழ்மை என்று பெயரிடலாகாது. எங்கள் துணிவு எத்தகையது என்று அறிய விரும்பினால், இன்றிரவு குடும்பச் செபத்தின் முடிவில் எங்களையே கேட்டுக்கொள்வோம்: உதவி கேட்க எனக்கு நா எழுகிறதா? என்னைவிட மற்றவர் நன்றாகச் செய்தால் மகிழ்கிறேனா? எவரும் காணாத வேலையை மனமுவந்து செய்கிறேனா? ஆம் என்று சொல்ல முடிந்தால் அஞ்சாது முன்செல்லுங்கள். இல்லையென்றால், அடிகளாரின் துணைவேண்டி முழந்தாளிடுங்கள். முழந்தாளிட்டு எழுந்தவனின் துணிவே நிலைத்து நிற்கும்.